பாடம் எடுக்கக் கூச்சப்படும் பேஸ் கலைஞர்களுக்கு

பேஸ் கிடாரை நம்பிப் பிழைப்பது என்று முடிவெடுத்துவிட்ட தம்பி தங்கைகளுக்கு,



‘வாக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. போலீஸ்காரர்கள் இதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இசைக்காரர்கள்தான் நம்பிவிட்டார்கள். கல்யாண சீசன் முடிந்து, ரெக்கார்டிங் அழைப்பும் நின்றுபோன மாதத்தில் நாலு பிள்ளைகளுக்கு கிளாஸ் எடுக்கத் தொடங்கியிருக்கும் ஒரு பேஸ் கலைஞரிடம், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும்போது குரல் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். கீழே இறங்குவது உங்களுக்குப் பழக்கம்தான் என்றாலும் இந்த இறக்கம் வீண்.

பாடம் எடுப்பது வாசிப்பு ஓய்ந்தபின் தேடிப் போகும் வேலை என்று யாரோ உங்களை நம்பவைத்திருக்கிறார்கள். பேஸ் கிடாரின் கதையையே எடுத்துப் பார்த்தால், அது முதல் நாளிலிருந்து இந்தத் தொழிலின் பாதியாக இருந்து வந்திருக்கிறது. அதைச் சொல்ல லாஸ் ஏஞ்சலஸ் வரை போக வேண்டும். வேறு வழியில்லை. கருவி பிறந்ததும், அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தலாம் என்று தெரிந்ததும், அதற்கென்று ஒரு பாடப் புத்தகம் வந்ததும் அந்த நகரத்தின் சுற்றுவட்டாரத்தில்தான்.

லியோ ஃபெண்டர் தன்னுடைய ப்ரெசிஷன் பேஸை 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே 1930களில் சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றைச் செய்து பார்த்தார், அது எடுபடவில்லை. ஆளுயர டபுள் பேஸை பஸ்ஸிலும் காரிலும் ஏற்றி இறக்கி அலுத்துப்போனவர்களுக்கு ஃபெண்டரின் கருவி பெரிய விடுதலை. ஃப்ரெட் இருந்ததால் சுருதி விலகாது. ஆனால் அதை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. டபுள் பேஸ்காரர்கள் விரலால் இழுத்தார்கள், கிடார்காரர்கள் பிக்கால் அடித்தார்கள், அவரவர் கை போன போக்கில் வாசிப்பு போனது.

அந்தக் கிடார்காரர்களில் ஒருவர் கரோல் கே. 1935 மார்ச் 24ஆம் தேதி வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் நகரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் தொழில்முறை இசைக் கலைஞர்கள். வீட்டில் சங்கீதத்துக்குக் குறைவில்லை, காசுதான் இல்லை. 1942இல் குடும்பம் கலிஃபோர்னியாவின் வில்மிங்டனுக்கு வந்து சேர்ந்தது. 13 வயதில் கைக்கு ஒரு கிடார் வந்தது. 1949இல், 14 வயதிலேயே, அந்தப் பெண் மற்றவர்களுக்கு கிடார் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் வாத்தியார். பிறகு ஜாஸ் கிளப். அதற்கும் பிறகு ஸ்டூடியோ. பேஸ் கிடாரைக் கையில் வாங்கியபோது அவர் பாடம் எடுக்க ஆரம்பித்து 14 வருடங்கள் ஆகியிருந்தன.

1957இல் அவர் கிளப்பில் வாசிப்பதைப் பார்த்த தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல், சாம் குக்கின் ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டார். ஜாஸ்காரர்களுக்கு அன்று பாப் பாட்டு என்றால் இளப்பம். ஆனால் கிளப்பில் ராத்திரி முழுக்க நின்று வாசிப்பதைவிட ஸ்டூடியோவில் நல்ல காசு என்பது கரோலுக்கு அங்கே போனதும் புரிந்துவிட்டது. அடுத்த வருடம் ரிச்சி வாலன்ஸின் ‘லா பாம்பா’வில் ரிதம் கிடார். அப்படியே கிடார்காரராகப் போய்க்கொண்டிருந்தவரை 1963இல் கேபிடல் ரெக்கார்ட்ஸ் ஸ்டூடியோவில் நடந்த ஒரு செஷன் திருப்பிவிட்டது. பேஸ் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. இருந்தவர்களில் கரோலிடம் பேஸைக் கொடுத்தார்கள்.

வராத அந்த ஆள் யார் என்று யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. இந்தத் தொழிலில் சொன்ன நேரத்துக்கு வராதவருக்கு நடப்பது அதுதான்.

கரோல் உடனே ஒரு கணக்குப் போட்டார். ஒரு பாட்டுக்கு மூன்று, நான்கு கிடார் இருக்கும்; பேஸ் ஒன்று இருந்தால் போதும். மூன்று பேரில் ஒருவராக இருப்பதைவிட ஒரே ஆளாக இருப்பது மேல். தவிர, கிடாரில் எழுதிக் கொடுத்ததை வாசிக்க வேண்டும். பேஸில் பாட்டுக்கு ஏற்ற வரியை நாமே போடலாம். அன்றைய நொட்டேஷன் தாள்களில் அந்தப் பகுதிக்கு மேலே ‘ஃபெண்டர் பேஸ்’ என்றே எழுதியிருக்கும். அந்த நாற்காலி அடுத்த சில வருடங்களுக்குப் பெரும்பாலும் அவருடையதாகிவிட்டது. பீச் பாய்ஸின் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பம், நான்சி சினாட்ராவின் ‘தீஸ் பூட்ஸ்’, தொலைக்காட்சித் தொடரான ‘மிஷன் இம்பாசிபிள்’ளின் முகப்பு இசை என்று பட்டியல் நீளும். மொத்தம் ஏறத்தாழ 10,000 ரெக்கார்டிங்குகள் என்று சொல்லப்படுகிறது.

ஸ்டூடியோ வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது உங்களுக்குப் பயன்படும். இசைக் கலைஞர் சங்கத்தின் கணக்கில் ஒரு செஷன் என்பது 3 மணி நேரம். கூலியை நிர்ணயிப்பது சங்கம். பாட்டு எத்தனை லட்சம் பிரதி விற்றாலும் ராயல்டியில் வாசித்தவருக்குப் பங்கில்லை. அமெரிக்காவில் வானொலி நிலையங்கள்கூடப் பாட்டு எழுதியவருக்குத்தான் காசு கட்டும், வாசித்தவருக்குக் கட்டாது. ஆக, வருமானம் என்பது எத்தனை செஷன் போனோம் என்பதுதான். நாளைக்கு இரண்டு, மூன்று செஷன் ஓடினால்தான் வீடு ஓடும். உள்ளே போனதும் மியூசிக் ஸ்டாண்டில் ஒரு தாள் இருக்கும். சில நாள் முழு நொட்டேஷன், சில நாள் வெறும் கார்ட் பெயர்கள். படிக்கத் தெரியாதவருக்கு அந்த 3 மணி நேரத்தில் இடமில்லை. ஒரு தவறுக்காக இருபது பேரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும் என்றால், அந்த இருபது பேரின் கூலியும் தயாரிப்பாளர் கணக்கில் ஏறும். அடுத்த முறை அவர் யாரைக் கூப்பிடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

படிக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா? ‘தி பீட் கோஸ் ஆன்’ பாட்டைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கார்டில் நின்றுகொண்டு சுற்றும் பாட்டு. கரோல் சொல்லும் கதைப்படி, கொடுத்த வரி சப்பென்று இருந்ததால் அவர் வேறு சில வரிகளைப் போட்டுக் காட்டினார்; அதில் ஒன்றை பாடகர் சானி போனோ பிடித்துக்கொண்டார். பாட்டைத் தூக்கி நிறுத்துவது இன்றைக்கும் அந்த பேஸ் வரிதான். பாட்டை எழுதியவர் என்று பதிவானது போனோவின் பெயர் ஒன்றுதான். கரோலுக்குக் கிடைத்தது செஷன் கூலி.

ஒலி விஷயத்திலும் அவர் கெட்டிக்காரர். பேஸின் அடிக் கம்பியான இ, திறந்த நிலையில் சுமார் 41 ஹெர்ட்ஸ். 1960களின் கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு அவ்வளவு கீழே இறங்கும் தொண்டை கிடையாது. கரோல் தட்டையான சுற்றுக் கம்பிகளைப் போட்டு, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மடித்த ஃபெல்ட் துணியைக் கம்பிகளின் மேல் ஒட்டி, கெட்டியான பிக்கால் அடித்தார். ஃபெல்ட் தேவையற்ற இழுவையை வெட்டிவிடும். பிக்கின் அடி மேல் அதிர்வெண்களைக் கிளப்பிவிடும். இப்படி வாசித்தால் சின்ன ஸ்பீக்கரிலும் வரி தெளிவாகக் கேட்கும். இன்று செல்போனில் பாட்டுக் கேட்கும் காலத்திலும் பிரச்சினை அதேதான். ஆயிரக்கணக்கில் எஃபெக்ட் பெடல் வாங்குவதற்கு முன்னால் கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு ஃபெல்ட் துண்டு வாங்கிப் பாருங்கள்.

1968இல் வந்த க்ளென் கேம்ப்பெல்லின் ‘விச்சிடா லைன்மேன்’ பாட்டின் தொடக்கத்தில் கீழே இறங்கி வரும் பேஸ் அவருடையது. பாட்டின் நடுவில் தந்திக் கம்பி முனகுவதுபோல் வரும் தனி வாசிப்பை கேம்ப்பெல் வாசித்தார், ஆனால் கரோலின் டேன்எலெக்ட்ரோ ஆறு கம்பி பேஸை அங்கேயே இரவல் வாங்கி. வேலைக்குப் போகும்போது கூடுதலாக ஒரு கருவியை எடுத்துப் போகும் ஆள் என்றால் எல்லோருக்கும் பிடிக்கும்.

இவ்வளவு உச்சத்தில் இருந்தவர் 1969இல் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டூடியோ ஓட்டத்தில் களைத்தும் சலித்தும் போயிருந்தவர், உட்கார்ந்து ‘ஹவ் டு ப்ளே தி எலெக்ட்ரிக் பேஸ்’ என்று ஒரு பாடப் புத்தகம் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் ‘க்வின் பப்ளிஷிங்’ என்ற சொந்தப் பதிப்பகத்தையும் தொடங்கினார். பாட்டின் ராயல்டியில் பங்கு கிடைக்காதவருக்கு, தான் எழுதிய பாடத்தில் முழு உரிமை இருந்தது. தொடர்ந்து மேலும் புத்தகங்கள் வந்தன. அவர் எடுத்த முடிவுகளில் மிகப் புத்திசாலித்தனமானது எது என்று கேட்டால் 1963இல் பேஸுக்கு மாறியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். இந்த மடலின் தீர்ப்பு 1969க்குத்தான்.

அவர் பாடத்தில் என்ன இருந்தது? ஸ்கேலை மேலும் கீழும் ஓட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கார்டின் சுரங்களிலிருந்து தொடங்கச் சொல்வார். டி மைனர் செவன்த் என்றால் டி, எஃப், ஏ, சி. அடுத்து ஜி செவன்த் வருகிறது: ஜி, பி, டி, எஃப். டியும் எஃப்பும் இரண்டுக்கும் பொது. மீதியைப் பாருங்கள். ஏ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் சி இருக்கிறது, இரண்டாவது ஃப்ரெட்டில் பி. ஒரு விரல் இறங்கினால் கார்ட் மாறிவிடும். பிறகு சி கார்ட் வரும்போது அந்த பி அதே வழியாக ஒரு ஃப்ரெட் ஏறி சிக்கே திரும்பும். இவ்வளவையும் ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடத்தில் காட்டிவிடலாம். காட்டியபின் அந்தப் பிள்ளை கேட்கும் ஒவ்வொரு பாட்டிலும் பேஸ் எங்கே போகப்போகிறது என்று முன்கூட்டியே ஊகிக்கத் தொடங்கும். ஸ்கேலை மட்டும் ஆறு மாதம் ஓட்டியவருக்கு இது வாய்ப்பதில்லை.

இன்னொன்று மெட்ரோனோம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 என்றால் மெட்ரோனோமை 50இல் வைக்கச் சொல்வார். விழும் ஒவ்வொரு ‘டிக்’கையும் இரண்டாவது, நான்காவது அடியாகக் கேட்டுக்கொண்டு, ஒன்றையும் மூன்றையும் நாமே உள்ளுக்குள் வைத்து வாசிக்க வேண்டும். ஆதி தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு முதலில் தலை சுற்றும், ஏனென்றால் சமத்தில் தட்டு விழாது. ஒரு வாரம் பொறுத்துச் செய்தால், டிரம்ஸ்காரரின் ஸ்னேர் விழும் இடத்தில் காது தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பேஸ் வாசிப்பவருக்கும் டிரம்ஸ் வாசிப்பவருக்கும் நடுவே மேடையில் நடக்கும் முக்கால்வாசிச் சண்டை இந்தப் பயிற்சியில் தீரும். மீதி கால்வாசிக்கு சம்பளப் பாக்கி காரணமாக இருக்கலாம், அதற்கு மெட்ரோனோம் உதவாது.

இந்த இடத்தில் டெட்ராய்ட்டுக்கும் ஒரு எட்டு போய்வர வேண்டும். கரோலைவிடச் சிறந்த பேஸ் கலைஞர் ஒருவர் அங்கே இருந்தார் என்று சொன்னால் மறுக்கப் பெரிதாக யாரும் இல்லை. ஜேம்ஸ் ஜேமர்சன், 1936இல் தென் கரோலைனாவின் எடிஸ்டோ தீவில் பிறந்தவர். மோட்டவுன் நிறுவனத்தின் நிலவறை ஸ்டூடியோவில், ஒற்றை ஆள்காட்டி விரலால், 1962 மாடல் ப்ரெசிஷன் பேஸில் அவர் வாசித்தவற்றைத்தான் உலகம் முழுக்க பேஸ் மாணவர்கள் இன்றும் நோட்டுப் போட்டுப் படிக்கிறார்கள். ஆனால் பல வருடங்களுக்கு ரெக்கார்டு உறையில் அவர் பெயர் அச்சாகவில்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ உறையில்தான் முறையாக வந்தது. நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது, அவரும் பின்னால் போனார், அழைப்புகள் குறைந்தன, குடி கூடியது. அவருடைய அந்த பேஸும் 1983இல் திருடுபோனது. அதே வருடம் ஆகஸ்ட் 2ஆம் தேதி 47 வயதில் இறந்தார்.

அவர் வாசிப்பை விளக்கும் பாடப் புத்தகம் 1989இல் வந்தது. எழுதியவர் ஆலன் ஸ்லட்ஸ்கி என்ற கிடார்காரர். ஜேமர்சன் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இதற்கு ஜேமர்சனைக் குறை சொல்ல முடியாது. பெயரைப் போடாமல் வேலை வாங்கிய முறையைத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தப் புத்தகம் அவர் இருக்கும்போது அவர் கையாலேயே வந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்று நினைக்காமல் அதைப் புரட்ட முடியாது.

பெயர் போடாத வழக்கம் இன்னொரு தீமையையும் செய்தது. மோட்டவுன் பாடல்கள் சிலவற்றில் தானும் வாசித்ததாகக் கரோல் சொன்னார்; ஜேமர்சனின் ஆதரவாளர்கள் கொதித்துப்போய் மறுத்தார்கள். பீச் பாய்ஸ் பாடல்களில் எந்த டேக்கில் யார் வாசித்தார் என்ற வாதமும் ஓய்ந்தபாடில்லை. தீர்த்துவைக்கக் கூடியது சங்கத்தின் செஷன் ஒப்பந்தத் தாள்கள்தான். அவை இருக்கும் இடத்தில் வாதம் நிற்கிறது, இல்லாத இடத்தில் நீள்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் தாளும் இல்லை. ஏ.ஆர்.ரஹ்மானின் ஆல்பங்களில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் அச்சாகத் தொடங்கியபின்தான் சென்னையின் பேஸ் கலைஞர் கீத் பீட்டர்ஸ் யார் என்பது பல ரசிகர்களுக்குத் தெரியவந்தது. அதற்கு முன்னால் எத்தனை நல்ல பேஸ் வரிகளை யார் வாசித்தார் என்று கேட்டால், படத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். எனவே ஒரு டைரி வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஸ்டூடியோ, பாட்டு, உடன் வாசித்தவர்கள், வாங்கிய தொகை. கணக்கு எழுதுவது கலைஞனுக்கு அழகில்லை என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் உங்களுக்குக் காசு தர வேண்டியவர்களாக இருப்பார்கள்.

1976இல் ஒரு கார் விபத்தில் காயமடைந்த கரோல் வாசிப்பிலிருந்து பெருமளவு ஒதுங்க நேர்ந்தது. அதற்குள் தொழிலும் மாறிக்கொண்டிருந்தது. குழுக்கள் தங்கள் ரெக்கார்டுகளில் தாங்களே வாசிக்க ஆரம்பித்திருந்தன. சிந்தசைசர் பேஸ் வந்துவிட்டது; பிறகு டிரம் மெஷினும் சீக்வென்ஸரும் வந்தன. ஒரு செஷனுக்கு இருபது பேரைக் கூப்பிட்ட இடத்தில் இரண்டு பேர் போதும் என்றானது. சென்னையிலும் பின்னால் அதுதானே நடந்தது? கீபோர்டின் இடது கை பேஸைத் தின்றுவிட்டது என்று அந்தக் காலத்து லைட் மியூசிக்காரர்கள் இன்றும் புலம்புவார்கள். புத்தகங்களும் மாணவர்களும் இருந்ததால் கரோலுக்குத் தொழில் முற்றாக அறுந்துபோகவில்லை. வயதான காலத்தில் ஸ்கைப் வழியாகவும் பாடம் நடத்தினார். விபத்து வாசிப்பைக் குறைத்துவிட்டது என்றாலும், 14 வயதில் தொடங்கிய வேலை ஒன்று மிச்சமிருந்தது.

அவர் ஒருவர் மட்டும் விதிவிலக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மைல்ஸ் டேவிஸ் குழுவில் 1963 முதல் 1968 வரை டபுள் பேஸ் வாசித்த ரான் கார்ட்டரின் பெயர் 2,221 ரெக்கார்டிங்குகளுடன் 2015இல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அவர் நியூயார்க் சிட்டி காலேஜில் நீண்ட காலம் பேராசிரியர். இன்னொரு டபுள் பேஸ் கலைஞரான ரே பிரவுன் உலகம் சுற்றிக்கொண்டிருந்தபோதே பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனுடன் சேர்ந்து டொரோன்டோவில் 1960இல் இசைப் பள்ளி தொடங்கினார். பயண நெருக்கடியில் சில ஆண்டுகளில் அதை மூட வேண்டியதாயிற்று என்பது வேறு. ரூஃபஸ் ரீட் 1974இல் எழுதிய ‘தி எவால்விங் பேசிஸ்ட்’ இன்றும் ஜாஸ் மாணவர்கள் கையில் இருக்கிறது. அவர் நியூஜெர்சியின் வில்லியம் பேட்டர்சன் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 1999 வரை ஜாஸ் துறையை நடத்திக்கொண்டே டெக்ஸ்டர் கார்டன் போன்ற பெரிய கைகளுடன் வாசித்தார். இவர்களில் யாரையும் வாசிக்க வராததால் வாத்தியாரானவர் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் வராது.

நம் ஊர்க் கதையும் வேறல்ல. மயிலாப்பூரில் ஒரு சின்ன அறையில் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நொட்டேஷன் படிக்கவும் எழுதவும் அவரிடம் கற்றவர்களில் இளையராஜாவும் ஒருவர். அந்த அறையில் கற்றது பிறகு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்த தாள்கள், அதைப் பார்த்தவுடன் வாசிக்கத் தெரிந்த ஒரு தலைமுறைக் கலைஞர்கள், கேட்ட மாத்திரத்தில் முணுமுணுக்க வரும் பேஸ் வரிகள். தமிழ்நாட்டில் பேஸ் கிடாருக்கு ரசிகர்கள் உண்டு என்றால் அதற்குக் காரணம் அந்த வரிகள். அந்த வரிகளின் பின்னால் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார்.

இனி நடைமுறைக்கு வருவோம். பேஸ் வாசித்து மட்டும் மாதா மாதம் வாடகை கட்டும் ஆட்கள் குறைவு. லைட் மியூசிக் கச்சேரி, கல்யாண ரிசப்ஷன், தேவாலய ஆராதனை, ஹோட்டல் பேண்டு, எப்போதாவது ரெக்கார்டிங், இவையெல்லாம் அலை அலையாக வரும். மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் இருக்காது, தவக்காலத்தில் தேவாலயமும் அடக்கி வாசிக்கும். கிளாஸ் மட்டும்தான் மாதத்தின் முதல் வாரத்தில் காசு தரும். அதனால் அதை ஒழுங்காக நடத்துங்கள். ஃபீஸை மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள், ரசீது கொடுங்கள். பிள்ளை வராத நாளுக்கு என்ன, நீங்கள் வராத நாளுக்கு என்ன என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். ‘கச்சேரி வந்துடுச்சு சார், இந்த வாரம் கிளாஸ் இல்ல’ என்று காலையில் மெசேஜ் போடும் வாத்தியாரிடம் மூன்றாவது மாதம் மாணவர் இருக்க மாட்டார். கச்சேரிக்காரரிடம் காட்டும் நேர ஒழுக்கத்தை பத்து வயதுப் பிள்ளையிடமும் காட்டுங்கள்.

கிரேடு பரீட்சையை மட்டும் நம்பி கிளாஸ் நடத்துபவர்களிடம் ஒரு மனத்தாங்கலும் உண்டு. வருடத்துக்கு மூன்று பாட்டு, அதையே பத்து மாதம் அரைத்து, சான்றிதழ் வாங்கி, சுவரில் மாட்டி, அடுத்த கிரேடு. எட்டாவது கிரேடு முடித்த பிள்ளையிடம் ஒரு கார்ட் தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால் திருதிருவென்று விழிக்கிறது. பரீட்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. பெற்றோருக்கு ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். பரீட்சைப் பாட்டுக்குப் பக்கத்திலேயே வாரம் ஒரு புதுத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கப் பழக்குங்கள். தப்பாக வாசிக்கட்டும், நிறுத்தாமல் வாசிக்கட்டும். பேஸ் நின்றால் பாட்டு நின்றுவிடும் என்று பிள்ளைக்கு அங்கேதான் தெரியவரும்.

பாடம் எடுப்பதால் உங்கள் வாசிப்புக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஏன் இந்த விரல், ஏன் இந்த ஃப்ரெட் என்று ஒரு பிள்ளை கேட்டு, அதற்குப் பதில் தேடும்போதுதான் பல கலைஞர்களுக்குத் தங்கள் கை என்ன செய்கிறது என்றே தெரியவருகிறது. யூடியூபில் எல்லாம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் மணிக்கட்டை அதிகம் மடக்கி வாசித்தால் அடுத்த வருடம் வலிக்கும் என்று எதிரே உட்கார்ந்து பார்த்துச் சொல்ல அதற்குக் கண் இல்லை. மாணவரின் இடது கைக் கட்டைவிரலைப் பார்ப்பதுதான் உங்கள் முதல் பாடமாக இருக்கட்டும்.

2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கரோல் கேயை ‘இசைச் சிறப்பு’ விருதுக்குத் தேர்ந்தெடுத்தது. 90 வயதில் அவர் தரும் பதில் என்னவாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, விழாவுக்கு வரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். அவரையும் சக ஸ்டூடியோ கலைஞர்களையும் ‘ரெக்கிங் க்ரூ’ என்று பின்னாளில் மற்றவர்கள் அழைத்தது அவருக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. தாங்கள் தனித்தனியாக வேலைக்குப் போன ஸ்டூடியோ கலைஞர்கள் என்பதே அவர் நிலைப்பாடு. பிடிவாதக்காரர் என்று சிலருக்குப் படலாம். 14 வயதிலிருந்து சொந்தக் காலில் நின்றவருக்கு அந்த உரிமை உண்டு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பத்து வருடத்துக்கு மேல் வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் வருபவர்கள், உங்கள் பாடத்தை எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். நாற்பது பக்கம் போதும். கம்பி மாட்டுவது, சுருதி சேர்ப்பது, கட்டைவிரல் எங்கே, முதல் பத்து கார்டுகளில் எந்தச் சுரங்கள், மெட்ரோனோமை எப்படிக் கேட்பது, நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாட்டுகளின் நடையில் நீங்களே போட்ட பயிற்சிகள் என்று இவ்வளவும் அதில் இருக்கட்டும். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து மிரளும் திண்டுக்கல் பிள்ளைக்கும் திருகோணமலைப் பிள்ளைக்கும் அது போய்ச் சேரட்டும். அச்சடிக்கும்போது உரிமையை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.